பெரியம்மாவுக்கு முப்பத்தொன்பது வயது

ஆறாம் வகுப்புத் தோழிகளே, உங்களுக்கு நினைவிருக்கும். அந்த வருஷம் அரையாண்டுப் பரீட்சைக்குப் பிறகு நான் கோ-கோ ஆடவில்லை. விளையாட்டு டீச்சரின் நாற்காலிக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூல் போட்டு என்னை உட்கார வைத்திருந்தார்கள். உங்கள் செருப்புகளுக்கும் ரிப்பன்களுக்கும் நான்தான் காவல். உங்களில் ஒருத்தி எனக்கு நெல்லிக்காய் கொண்டுவந்து கொடுத்தாள். இன்னொருத்தி, அவள்தான் இப்போது நம் வாட்ஸ்அப் குழுவின் அட்மின், "நீ செத்துப் போயிடுவியாமே, நெசமாவா?" என்று கேட்டாள். அவளை மன்னித்துப் பல வருஷம் ஆகிறது.

நம் குழுவில் இப்போதெல்லாம் பேரக்குழந்தைகளின் படங்களைவிட ஆஸ்பத்திரி ரிப்போர்ட்டுகள்தாம் அதிகம் வருகின்றன. போன மாதம் ஒருத்தி, "ரெண்டு மாடி ஏறினா மூச்சு வாங்குது, வயசாச்சு, வேற என்ன" என்று போட்டிருந்தாள். எல்லாரும் கைகூப்பும் பொம்மை போட்டீர்கள். நானும் போட்டேன். போட்ட பிறகு மனசு கேட்கவில்லை. அதற்கு இரண்டு நாள் முன்னால்தான் எங்கள் பள்ளிக்கரணைக் குடியிருப்பில் லிப்ட் நின்றுபோய், காய்கறிப் பையோடு மூன்று மாடி ஏறினேன். இரண்டாவது மாடித் திருப்பத்தில் பையைக் கீழே வைத்துவிட்டு, ஜன்னல் வழியாகச் சதுப்பு நிலத்தில் நிற்கிற கொக்குகளை ரசிப்பதுபோல நின்றேன். உண்மையில் எனக்கு மூச்சு எட்டவில்லை. வீட்டுக்குள் வந்ததும் மகன் தண்ணீர் கொடுத்துவிட்டு, "வயசாவுதில்லம்மா" என்றான். அன்பாகத்தான் சொன்னான்.

அந்த ஒரு சொல்லை நான் பதினோரு வயதில் எங்கள் வீட்டில் தினமும் கேட்டிருக்கிறேன். அது யாரைப் பற்றிச் சொல்லப்பட்டது, பிறகு என்ன ஆனது என்பதை உங்களுக்குச் சொல்ல வேண்டும் என்று தோன்றியது.

அப்போது நாங்கள் கிழக்குத் தாம்பரத்தில், சேலையூர் போகிற சாலையிலிருந்து உள்ளே தள்ளிய ஒரு ஓட்டு வீட்டில் இருந்தோம். அப்பா பல்லாவரத்தில் ஒரு தோல் கம்பெனி ஆபீசில் டைப்பிஸ்ட். அவர் தோலைத் தொட்டதே இல்லை. ஆனாலும் சாயங்காலம் அவர் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினால் அந்த மூலை முழுக்கப் பதனிட்ட தோலின் வாசனை அடிக்கும். அம்மா ஆரம்பப் பள்ளியில் டீச்சர். வீட்டையும் என்னையும் பார்த்துக்கொண்டது அம்மாவின் அக்கா, என் பெரியம்மா. பெரியம்மாவுக்குக் கல்யாணம் ஆகவில்லை. படிப்பும் ஐந்தாம் வகுப்போடு நின்றுவிட்டது. நான் பிறந்தபோது அம்மாவுக்கு உதவியாக வந்தவள் அப்படியே எங்களோடு தங்கிவிட்டாள். என் தலையில் எண்ணெய் வைத்ததும், எனக்குச் சோறு பிசைந்து கொடுத்ததும், இரவு ஜெபம் சொல்லிக் கொடுத்ததும் பெரியம்மாதான்.

அந்த டிசம்பரில் பள்ளிக்கூடத்துக்கு ஒரு டாக்டர் வந்தார். உங்களையெல்லாம் வரிசையில் நிறுத்திப் பல்லையும் கண்ணையும் பார்த்தாரே, அவர்தான். உங்கள் நெஞ்சில் ஸ்டெதஸ்கோப்பை ஒரு நொடி வைத்து எடுத்தார். என் நெஞ்சில் வைத்தவர் எடுக்கவில்லை. அந்த வட்டம் ஐஸ் மாதிரி இருந்தது. கொஞ்சம் நகர்த்தி வைத்தார். மூச்சைப் பிடிக்கச் சொன்னார். பிறகு என் கார்டில் சிவப்பு மையில் ஏதோ எழுதி, "அப்பாவை வரச் சொல்லு" என்றார். அந்த நிமிஷம் எனக்குப் பெருமையாக இருந்தது என்பதை இப்போது ஒப்புக்கொள்கிறேன். நூற்றுக்கணக்கான பிள்ளைகளில் எனக்கு மட்டும்தான் சிவப்பு மை.

மறுநாள் அப்பா வந்தார். டாக்டர் சொன்னதை நான் கதவுக்கு வெளியே நின்று கேட்டேன்.

"ஹார்ட்ல ஒரு சத்தம் கேக்குது. ஓட்டையா இருக்கலாம். பெரிய ஆஸ்பத்திரியில காட்டுங்க. அதுவரைக்கும் ஓட விடாதீங்க, படி ஏற விடாதீங்க."

அப்பா என்னை வீட்டுக்குக் கூட்டி வந்தார். என் புத்தகப் பையை அவரே தூக்கிக்கொண்டார். அம்மா விஷயத்தைக் கேட்டதும் அப்படியே சமையலறை வாசலில் உட்கார்ந்துவிட்டாள். பெரியம்மாதான் என்னை இழுத்து மடியில் போட்டுக்கொண்டு, "ஆண்டவர் பாத்துப்பார், ஒண்ணும் ஆவாது" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். அவள் நெஞ்சில் காதை வைத்துப் படுத்திருந்தேன். உள்ளே என்னவோ தடதடவென்று ஓடியது. என்னை நினைத்துப் பயப்படுகிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

பட்டணத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் இதய டாக்டரைப் பார்க்கச் சீட்டு கிடைக்க மாசக்கணக்கில் ஆயிற்று. அந்த இடைவெளியில் என் வாழ்க்கையே மாறிப்போனது. காலையில் அவித்த முட்டை. மாலையில் மால்ட் போட்ட பால். வீட்டு வேலை ஒன்றும் கிடையாது. சர்ச்சில் போதகர் ஐயர் என் பெயரைச் சொல்லி ஜெபித்தார். எல்லாவற்றுக்கும் மேலாக, பள்ளிக்கூடம் போகவர அப்பா ஒரு சைக்கிள் ரிக்‌ஷா ஏற்பாடு செய்தார். உங்களில் பலர் நடந்து வரும்போது நான் ரிக்‌ஷாவில் கால்மேல் கால் போட்டுப் போனேன். உங்களுக்குக் கையாட்டவும் செய்தேன்.

எனக்கு வழியில் ஏதாவது ஆகிவிட்டால் என்ன செய்வது என்று பெரியம்மாவையும் கூட அனுப்பினார்கள். ஆனால் பெரியம்மா ரிக்‌ஷாவில் ஏற மாட்டாள். பிள்ளைக்காக வைத்த வண்டியில் தான் எதற்கு என்று, ஒரு கையால் வண்டியின் பக்கக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நடந்தே வருவாள். சாலை மேடேறும் இடத்தில் நின்றுவிடுவாள். ரிக்‌ஷாக்காரரும் நிறுத்துவார். லுங்கியை மடித்துக் கட்டின ஒல்லியான மனிதர். காதில் எப்போதும் ஒரு பீடி செருகியிருக்கும்.

"யக்கா, நீயும் குந்துக்கா. ரெண்டு பேரையும் இஸ்துகினு போறேன்."

"வேணாம்ப்பா. இதோ வந்துட்டேன்."

"இன்னா வந்துட்டேன்? மூச்சு இப்டி வாங்கிகினு கீது. இந்தப் பாப்பா நல்லாத்தான் குந்திகினு கீது. உன்னைத்தான் டாக்டரு கைல காட்டணும்."

ஒரு நாள் அவர் இதை எங்கள் அப்பாவிடமே சொன்னார். அப்பா சிரித்துவிட்டு, "அவங்களுக்கு வயசாவுதுப்பா" என்றார். ரிக்‌ஷாக்காரர் பெரியம்மாவை ஒரு பார்வை பார்த்தார். பெடலை மிதித்தார்.

எல்லாரும் அதைத்தான் சொன்னார்கள். பெரியம்மா கிணற்றில் இரண்டு வாளி இறைத்துவிட்டுக் கல்லில் உட்கார்ந்தால், "அக்காவுக்கு வயசாவுது" என்பாள் அம்மா. துணி துவைத்து முடிக்கப் பத்து மணி ஆனால், "முன்ன மாதிரி சுறுசுறுப்பு இல்ல" என்பாள். சர்ச்சில் பாட்டுக்கு எல்லாரும் எழுந்து நிற்கும்போது இரண்டாவது சரணத்திலேயே பெரியம்மா உட்கார்ந்துவிடுவாள். முன்வரிசைப் பெண்கள் திரும்பிப் பார்ப்பார்கள். வீட்டுக்கு வரும் வழியில் அம்மா, "கொஞ்ச நேரம் நிக்கக் கூடாதாக்கா? எல்லாரும் ஒரு மாதிரி பாக்கறாங்க" என்று குறைபட்டுக்கொள்வாள். பெரியம்மாவின் தலை முன்பக்கம் நரைத்திருந்தது. கன்னம் இரண்டும் எப்போதும் ரோஸ் நிறமாகச் சிவந்திருக்கும். "உங்க அக்கா கன்னத்தைப் பாருங்க, என்ன ஆரோக்கியம்!" என்று பக்கத்து வீட்டு ஆன்ட்டி அம்மாவிடம் சொன்னது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. பெரியம்மா படுத்துத் தூங்குவதில்லை. சுவரில் இரண்டு தலையணைகளைச் சாய்த்து வைத்து, அதில் சாய்ந்து உட்கார்ந்தபடிதான் தூங்குவாள். அது அவள் பழக்கம் என்று நினைத்தோம். ஒருவர் ஏன் அப்படித் தூங்குகிறார் என்று கேட்கவேண்டும் என்றே யாருக்கும் தோன்றவில்லை.

கிறிஸ்துமஸ் கழிந்ததும் பெரியம்மா இன்னும் மாறினாள். தனக்கென்று ஒரு தட்டையும் தம்ளரையும் தனியாக எடுத்து வைத்துக்கொண்டாள். அவற்றை அவளே கழுவி, ஜன்னல் மேல் கவிழ்ப்பாள். என்னைப் பக்கத்தில் படுக்க வேண்டாம் என்றாள். நான் கட்டிப்பிடிக்கப் போனால் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். சோறு பிசைந்து கையில் தருவதும் நின்றுபோயிற்று. அம்மாவுக்கு அது பெரிய மனவருத்தம்.

"என்ன கோவம்னு சொன்னாத்தானே தெரியும்? பிள்ளை இப்படி இருக்கற நேரத்துல தட்டைப் பிரிச்சு வச்சுக்கிட்டா என்ன அர்த்தம்?"

பெரியம்மா தன் தட்டை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போனாள். எனக்கும் கோபம்தான். சாகப்போகிற பிள்ளையிடம் யாராவது இப்படி நடந்துகொள்வார்களா என்று நினைத்து, அவள் பார்க்கும்படியாக அழுதேன்.

ஜனவரி கடைசியில் ஒரு நாள் நான் பள்ளிக்கூடம் போகவில்லை. அம்மாவும் அப்பாவும் வேலைக்குப் போய்விட்டார்கள். கிணற்றடியில் பெரியம்மா இருமுகிற சத்தம் கேட்டுப் பின்பக்கம் போனேன். குனிந்து நின்று இருமிக்கொண்டிருந்தாள். வாயில் வைத்திருந்த வெள்ளைத் துணியை எடுத்துப் பார்த்தாள். அதில் ரோஸ் நிறத்தில் நுரையும் நடுவில் சிவப்பாக ஒரு கோடும் இருந்தன. திரும்பியவள் என்னைப் பார்த்துவிட்டாள்.

"கிட்ட வராத!" என்று கத்தினாள். பெரியம்மா கத்தி நான் கேட்டது அதுதான் முதல் முறை.

துணியைக் கசக்கித் தண்ணீர் ஊற்றி அலசிவிட்டு, தள்ளி நின்றபடியே பேசினாள்.

"இங்க பாரு கண்ணு. இதை அம்மாகிட்ட சொல்லக் கூடாது. அப்பாகிட்டயும் சொல்லக் கூடாது. சொன்னா என்னை சானடோரியத்துல கொண்டுபோய்ப் போட்டுடுவாங்க. நீ ஆபரேஷனுக்குப் போற நேரத்துல உன்கூட யாரு இருப்பா? உனக்கு நல்லாவட்டும். அப்புறம் நானே போறேன். சத்தியமா சொல்ல மாட்டேன்னு சொல்லு."

இந்தப் பயம் உங்களுக்குப் புரியும். தாம்பரத்தில் வளர்ந்தவர்களுக்கு அந்தச் சொல்லை விளக்க வேண்டியதில்லை. அங்கே காசநோய்க்கு நல்ல வைத்தியம் நடந்தது, குணமாகிப் பலர் வீடு திரும்பினார்கள். ஆனால் நம் வீடுகளில் பெரியவர்கள் சானடோரியம் ஸ்டேஷன் வரும்போது ரயிலின் ஜன்னலை இறக்கிவிடுவார்கள். இருமலில் ரத்தம் என்றால் எங்கள் ஊரில் அதற்கு ஒரே அர்த்தம்தான்.

நான் சத்தியம் செய்தேன். தட்டும் தம்ளரும் ஏன் பிரிந்தன என்பது அப்போதுதான் புரிந்தது. அன்றிலிருந்து பால் தொண்டையில் இறங்கவில்லை. ரிக்‌ஷாவில் போகும்போது கம்பியைப் பிடித்திருந்த பெரியம்மாவின் கையையே பார்த்துக்கொண்டு போனேன். உங்களுக்குக் கையாட்டுவதை நிறுத்திவிட்டேன். நோய் முற்றிவிட்டது என்று நீங்கள் நினைத்திருப்பீர்கள்.

மார்ச் மாதத்தில் ஆஸ்பத்திரிச் சீட்டு வந்தது. என்னை அங்கேயே சேர்த்துக்கொண்டால் கூட இருக்க ஆள் வேண்டும் என்று பெரியம்மாவும் வந்தாள். மின்சார ரயிலில் பார்க் ஸ்டேஷன் வரைக்கும் போனோம். படி வந்த இடத்திலெல்லாம் அப்பா என்னைத் தூக்கிக்கொண்டார். பதினோரு வயதுப் பெண், கால்கள் அவர் முழங்கால் வரைக்கும் தொங்குகின்றன. வெட்கத்தில் கண்ணை மூடிக்கொண்டேன். பின்னால் அம்மா. அவளுக்கும் பின்னால், சாப்பாட்டுத் தூக்கும் கூஜாவும் துணிப்பையுமாகப் பெரியம்மா. இதய டாக்டரின் அறை மாடியில் இருந்தது. அப்பாவின் தோளுக்கு மேலாகக் கண்ணைத் திறந்து பார்த்தேன். பெரியம்மா பாதிப் படியில் கைப்பிடியைப் பிடித்து நின்றுகொண்டிருந்தாள். உதடு நீலமாகத் தெரிந்தது. என்னைப் பார்த்ததும் சிரித்து, "போ போ" என்று கையசைத்தாள்.

அந்த டாக்டர் ஒரு பெண்மணி. காட்டன் புடவை, வெள்ளை கோட்டு, இறுக்கிக் கட்டிய சின்னக் கொண்டை. என்னை உட்கார வைத்துக் கேட்டார். படுக்க வைத்துக் கேட்டார். எழுந்து நிற்கச் சொல்லிக் கேட்டார். முதுகில் கேட்டார். பிறகு, "கீழ இறங்கி இருபது தடவை குதி" என்றார். அம்மா, "டாக்டர்!" என்று பதறினாள். "குதிக்கட்டும்மா" என்றார். நான் குதித்தேன். மூன்று மாதத்துக்குப் பிறகு குதிக்கிறேன். எனக்கு நிறுத்தவே மனசில்லை. மறுபடி கேட்டார். எக்ஸ்ரேயையும், நெஞ்சில் பசை தடவி எடுத்த ஈ.சி.ஜி. காகிதத்தையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"உங்க பொண்ணுக்கு ஒண்ணும் இல்ல" என்றார்.

அப்பாவுக்குப் புரியவில்லை. "சத்தம் கேக்குதுன்னு..."

"சத்தம் கேக்குது. அவர் கேட்டது தப்பில்ல. ஒல்லிப் பிள்ளைங்க நெஞ்சு மெல்லிசா இருக்கும், ரத்தம் ஓடற சத்தமே வெளியில கேக்கும். எழுந்து நின்னா குறைஞ்சுபோகுது பாருங்க. சத்தம் எல்லாமே வியாதி இல்ல. வளர வளரப் போயிடும். நல்லா ஓடட்டும், விளையாடட்டும்."

அம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். அப்பா டாக்டரைப் பார்த்துக் கும்பிட்டபடியே நின்றார். டாக்டர் எங்களைப் பார்க்கவில்லை. அவர் பார்வை கதவுப் பக்கம் போயிருந்தது. அப்போதுதான் பெரியம்மா மேலே வந்து சேர்ந்திருந்தாள். கதவு நிலையில் சாய்ந்து, கூஜாவைக் கீழே வைக்கக்கூடத் தெம்பில்லாமல், வாயைத் திறந்து மூச்சுவிட்டுக்கொண்டிருந்தாள். கழுத்து நரம்பு புடைத்துத் துடித்தது.

"அவங்க யாரு?"

"எங்க அக்கா, டாக்டர்."

"எத்தனை நாளா இப்படி மூச்சு வாங்குது?"

"ஒரு ரெண்டு வருஷமா இருக்கும்" என்றாள் அம்மா. "வயசாவுதில்லையா டாக்டர்."

"என்ன வயசு?"

"முப்பத்தொன்பது."

டாக்டர் பெரியம்மாவை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு, "எனக்கு அம்பத்தாறு. நானும் இதே படியேறித்தான் வந்தேன்" என்றார்.

கோபமில்லாமல் சொன்னார். அம்மாவின் அழுகை நின்றுபோனது.

பெரியம்மாவை உட்காரச் சொன்னார். பெரியம்மா, "எனக்கு ஒண்ணுமில்லம்மா, பிள்ளைக்குத்தான் காட்ட வந்தோம்" என்றாள். டாக்டர் விடவில்லை. கால் வீங்குமா, படுத்தால் மூச்சு முட்டுமா என்று கேட்டார். எல்லாவற்றுக்கும் பெரியம்மா இல்லை இல்லை என்றே தலையாட்டினாள்.

"இருமல் இருக்கா? சளியில ரத்தம் வருமா?"

"இல்லம்மா."

சொல்லும்போது என்னைப் பார்த்தாள். உன் சத்தியத்தை மறந்துவிடாதே என்கிற பார்வை. நான் டாக்டரின் மேஜை ஓரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். சொன்னால் பெரியம்மாவைக் கொண்டுபோய்விடுவார்கள். சொல்லாவிட்டால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியவில்லை. ஆனால் அந்தப் படியில் அவள் உதடு இருந்த நிறத்தைப் பார்த்திருந்தேன்.

"வருது" என்றேன். "ரத்தம் வருது. ரோஸ் கலர்ல நுரையா வருது. நான் பாத்தேன். அவங்க உக்காந்துதான் தூங்குவாங்க."

 பெரியம்மா தலையைக் குனிந்துகொண்டாள். அம்மா பெரியம்மாவையே பார்த்தாள். ஜன்னலில் கவிழ்ந்திருந்த தட்டும் தம்ளரும் அம்மாவுக்கு அந்த நொடியில்தான் விளங்கியிருக்க வேண்டும். "அக்கா..." என்றாள். 

டாக்டர் திரையை இழுத்துவிட்டுப் பெரியம்மாவை இடதுபக்கம் ஒருக்களித்துப் படுக்க வைத்து வெகுநேரம் கேட்டார். வெளியே வந்து, "சின்ன வயசுல இவங்களுக்கு மூட்டு வீங்கிக் காய்ச்சல் வந்துச்சா?" என்றார்.

அம்மா யோசித்தாள். "வந்துச்சு. அக்காவுக்குப் பத்து வயசு இருக்கும். இன்னிக்கு முட்டி வலிக்குதும்பா, நாளைக்கு மணிக்கட்டும்பா. வலி இடம் மாறிக்கிட்டே இருக்கும். அதனால பள்ளிக்கூடத்துக்குப் போக இஷ்டமில்லாம நடிக்கிறான்னு எங்க அப்பா..." நிறுத்தினாள். "எங்க அப்பா அடிச்சிருக்காரு. அப்புறம் படிப்பையே நிறுத்திட்டாங்க."

"நடிப்பு இல்ல" என்றார் டாக்டர். "அந்தக் காய்ச்சல் மூட்டை விட்டுடும், இதயத்தைப் பிடிச்சுக்கும். உள்ள ஒரு வால்வு இருக்கு. கதவு மாதிரி திறந்து மூடணும். இவங்களுக்கு அது ஒட்டிக்கிட்டு, சுருங்கிப்போச்சு. ரத்தம் போக வழியில்லாம நுரையீரல்ல தேங்குது. அதான் மூச்சு, அதான் இருமல். இது வயசும் இல்ல, டி.பி.யும் இல்ல. எக்ஸ்ரே எடுத்து உறுதி பண்ணிக்கலாம். ஆபரேஷன் பண்ணி வால்வைத் திறந்துவிடலாம்."

பெரியம்மா புடவையைச் சரிசெய்தபடி திரைக்குப் பின்னாலிருந்து வந்தாள். ஆபரேஷன் என்ற சொல் அவள் காதில் விழுந்ததாகவே தெரியவில்லை.

"டி.பி. இல்லையாம்மா?"

"இல்ல."

"பக்கத்துல இருக்கறவங்களுக்கு ஒட்டாதா?"

"ஒட்டாது."

"அப்ப பிள்ளையைப் பக்கத்துல படுக்க வச்சுக்கலாமா?"

டாக்டர் தலையாட்டினார். பெரியம்மா அங்கேயே, எல்லார் முன்னாலும், என்னை இழுத்து இறுக்கிக்கொண்டாள். எத்தனை நாள் கழித்து! அவள் புடவையில் சமையலறை வாசனை. அந்த நெஞ்சுக்குள் ஓடிய தடதடப்பு பயம் இல்லை என்பது எனக்கு இப்போது தெரிந்திருந்தது.

என்னைச் சேர்க்க என்று கொண்டுபோன துணிப்பையோடு பெரியம்மாவைச் சேர்த்துவிட்டு, நாங்கள் மூன்று பேரும் திரும்பினோம். படியில் நானே இறங்கினேன். அப்பா கைகளை என்ன செய்வது என்று தெரியாமல் வந்தார். ரயிலில் அம்மா ஜன்னல் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டு, சைதாப்பேட்டை தாண்டியதும், "பாட்டுக்கு நிக்கச் சொன்னேனே" என்றாள். யாரிடம் சொன்னாள் என்று தெரியவில்லை. 

ஆபரேஷன் ஏப்ரலில் நடந்தது. இடது மார்புக்குக் கீழே விலாவைத் திறந்து, சர்ஜன் தன் விரலையே உள்ளே விட்டு, ஒட்டியிருந்த வால்வைப் பிரித்துவிட்டாராம். இதயம் ஓடிக்கொண்டே இருக்கும்போது! அந்தக் காலத்தில் அப்படித்தான் செய்தார்கள். பெரியம்மா மே மாதம் வீடு திரும்பினாள். தாம்பரம் ஸ்டேஷனில் எங்கள் ரிக்‌ஷாக்காரரை அப்பாவே தேடிப்பிடித்தார். "நீ சொன்னதைக் கேட்டிருக்கணும்ப்பா" என்றார். ரிக்‌ஷாக்காரர் அதைக் கண்டுகொள்ளவில்லை. "ஏறி குந்துக்கா மொதல்ல" என்றார். பெரியம்மா ஏறி உட்கார்ந்தாள். நானும் அப்பாவும் பக்கத்தில் நடந்தோம்.

பிறகு பல வருஷம் மூன்று வாரத்துக்கு ஒரு பென்சிலின் ஊசி. அந்தக் காய்ச்சல் மறுபடி வராமல் இருக்க. ஊசி போட்ட அன்று உட்கார முடியாமல் நின்றுகொண்டே சமைப்பாள். ஆனால் படுத்துத் தூங்கினாள். நரைத்த முடி மட்டும் கறுக்கவில்லை. நாற்பத்தைந்தாவது வயதில் எழுத்துக்கூட்டிப் படிக்க ஆரம்பித்து, பைபிளை முழுக்கப் படித்து முடித்தாள். இன்னொரு முறை ஆபரேஷன் நடந்து, எழுபத்து நான்கு வயது வரைக்கும் இருந்தாள்.

நான் சத்தியத்தை மீறியதைப் பற்றி அவள் என்னிடம் பேசவே இல்லை. கோபமா, இல்லையா என்று எனக்கு ரொம்ப காலம் தெரியாது. கேட்கவும் பயம்.

இப்போது என் கதைக்கு வருகிறேன். மகன் சொன்ன மறுநாளே வேளச்சேரிப் பக்கம் ஒரு இதய டாக்டரிடம் போனேன். என் மகள் வயது இருக்கும் பெண். எக்கோ எடுக்கும்போது திரையை என் பக்கம் திருப்பச் சொன்னேன். கறுப்பு வெள்ளையில் என்னுடைய வால்வுகள் திறந்து திறந்து மூடின. மீன் வாய் மாதிரி இருந்தது. ரிப்போர்ட்டில் 'கிரேடு ஒன்' என்று ஏதோ போட்டிருந்தது. உங்களில் இரண்டு பேர் இதே சொல்லைக் குழுவில் போட்டுப் பயந்திருந்தீர்கள். அதனால் நன்றாக விளக்கச் சொல்லிக் கேட்டேன்.

"வயசானா இதயத்தோட சுவர் கொஞ்சம் தடிக்கும் ஆன்ட்டி, கொஞ்சம் விறைக்கும்" என்றாள். "அமுக்கித் தள்றது நல்லாத்தான் இருக்கும். தள்ளிட்டுத் திரும்ப விரியறதுக்குத்தான் நேரம் எடுக்கும். ரத்தக்குழாயும் விறைக்கும், அதனால பி.பி. ஏறும். சின்ன வயசுல ஓடினா துடிப்பு சட்டுனு ஏறுமே, அந்த வேகம் இப்ப வராது. இது வரைக்கும் வயசு. உங்களுக்கு பி.பி. அதிகமா இருக்கு. அது வயசில்ல, மாத்திரை போடணும். தினமும் நடக்கணும்."

"எது வயசு, எது வியாதின்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"உங்களுக்குத் தெரியவேண்டியதில்ல. எங்களுக்குத்தான் தெரியணும். நீங்க வந்து சொன்னா போதும். போன தீபாவளிக்கு ஏறின படியை இந்தத் தீபாவளிக்கு ஏற முடியலைன்னா வந்து சொல்லுங்க. நெஞ்சுவலி வந்தாத்தான் வரணும்னு இல்ல. லேடீஸுக்கு நிறைய பேருக்கு நெஞ்சே வலிக்காது. தாடை வலிக்கும், முதுகு வலிக்கும், சும்மா அசதியா இருக்கும்."

கடைசியில் அவள் சொன்னதைக் கேட்டதும் எனக்கு அம்மாவின் ஞாபகம் வந்துவிட்டது.

அந்த மார்ச் மாதத்துக்குப் பிறகு அம்மா வேறு ஆளாகிவிட்டாள். யாருக்கு மூச்சு வாங்கினாலும் விடமாட்டாள். பள்ளிக்கூட ஆயாவை, பால்காரரை, சர்ச் ஐயரின் மனைவியை எல்லாம் தானே கூட்டிக்கொண்டு டாக்டரிடம் போயிருக்கிறாள். தெருவில் மூட்டு வீங்கிய பிள்ளை இருந்தால் அதன் அப்பாவிடம் சண்டையே போடுவாள். பெரியம்மாவின் ஊசித் தேதி ஒன்றுகூடத் தவறியதில்லை. தலைமையாசிரியையாக ஓய்வு பெற்று மூன்றாவது வருஷம், அம்மாவுக்கு அறுபத்தொரு வயது. இரண்டு வாரமாகத் தாடையும் மேல்முதுகும் வலிக்கிறது என்று தைலம் தேய்த்துக்கொண்டிருந்தாளாம். நான் அப்போது கல்யாணமாகி வேறு ஊரில் இருந்தேன். போனில் கேட்டபோது, "கேஸ்தான், வயசாவுதில்ல" என்றாள். நானும் சரி என்று வைத்துவிட்டேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை சர்ச்சுக்குப் புறப்பட்டு, நாற்காலியில் உட்கார்ந்து செருப்பு மாட்டக் குனிந்தவள் அப்படியே போய்விட்டாள். அத்தனை பேரை டாக்டரிடம் இழுத்துப் போனவளின் நெஞ்சில் ஒரு முறைகூட யாரும் ஸ்டெதஸ்கோப் வைத்ததில்லை.

அடக்கம் முடிந்து வந்தவர்கள் எல்லாரும் போன பிறகு, பெரியம்மாவும் நானும் முன்னறையில் உட்கார்ந்திருந்தோம்.  அவளாகத்தான் ஆரம்பித்தாள்.

"அன்னிக்கு நீ டாக்டர்கிட்ட சொல்லிட்டே இல்ல?"

"ஆமா பெரியம்மா."

"எனக்குக் காட்டிக் குடுக்க ஒருத்தி இருந்தா. இவளுக்கு நான் இருந்திருக்கணும். பக்கத்திலயேதான் இருந்தேன். தைலம் தேச்சு விட்டேன்."

அதைச் சொல்லிவிட்டு, மேஜைமேல் கிடந்த அம்மாவின் மூக்குக் கண்ணாடியை எடுத்து, புடவைத் தலைப்பால் துடைத்து, மடித்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.